சட்டைக்கு ஊற்றிய சரக்கு

பெங்களூர் தொம்மலூரில் ஒரு ஒயின்ஸ் கடைக்குப் பின்னால், காலி கேஸ்கள் அடுக்கியிருந்த சந்தில் நின்று பச்சைமுத்து விஸ்கி பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்தான். உதட்டில் பட்ட சொட்டைத் தூவென்று துப்பினான். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கல்யாணத்துக்குப் போகிறவன் சென்ட் போடுகிற மாதிரி கழுத்தடியில் தடவிக்கொண்டான். மீதியை மார்பிலும் வயிற்றிலும் விட்டு, துணி குடித்து முடிக்கும்வரை நின்றான். காலி பாக்கெட்டைத் தூக்கி எறியவில்லை. மேல்பையில் பாதி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டான்.

பக்கத்தில் குந்தியிருந்த ஒரு ஆள் கடலையைக் கொறித்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

"இன்னாண்ணா, சட்டைக்கா தாகம்?"

"ஆமா. உனுக்கு இன்னா பேஜாரு?"

"எனுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த வாட்டி என் வாய்ல ஊத்து. சும்னே சட்டைக்குப் போய் தண்டம் பண்ற."

பச்சைமுத்து சந்தை விட்டு நடந்தான். தொடைக்கு நடுவில் பேண்ட் ஈரமாக ஒட்டியது. சுவரில் பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை அவனுக்கு. பகலெல்லாம் பறந்த வெள்ளைத் தூள் அந்த ஈரத்தில் படிந்து, காயக் காய, தொடையில் காரை மாதிரி இறுகிப் போயிருந்தது. நடந்தால் உரசும், எரியும். காலை அகட்டித்தான் நடக்க முடிந்தது. காலை அகட்டி ஒருத்தன் நடந்துவந்து, அவன்மேல் சாராய வாடையும் அடித்தால், பேண்ட் ஏன் நனைந்திருக்கிறது என்று உலகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். அவனுக்கு வேண்டியது அதுதான்.

குடியை அவன் விட்டது மகள் மமதா ஏழாவது படிக்கும்போது. நீலசந்திராவில் சங்கத்துக்காரர்கள் நடத்துகிற புத்த விகாரில், வெள்ளை உடுத்தி, எல்லாருக்கும் முன்னால் பஞ்சசீலம் எடுத்தான்; அதில் ஐந்தாவது, போதையைத் தொடமாட்டேன் என்பது. பெயிண்டர் குடிக்கமாட்டான் என்றால் மேஸ்திரிகூட நம்பமாட்டான். தின்னர் வாடை தலைக்கேறும், அதை இறக்கத் தண்ணி போட்டே ஆகவேண்டும் என்று தொழிலுக்குள்ளேயே ஒரு சாஸ்திரம் உண்டு. பச்சைமுத்து டப்பாவில் மோர் கொண்டுபோனான். கேலி பேசினவர்கள் பேசி ஓய்ந்தார்கள். அந்த வருஷத்திலிருந்துதான் அவன் பெண்டாட்டி தனக்கோடி தெருவில் நிமிர்ந்து நடந்தாள். "எங்க வூட்ல குடிக்கிறது கெடையாது" என்று குழாயடியில் சொல்லுவாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

போன வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு நாளில், ஈரச் சவுக்குக் கட்டை வழுக்கி, சாரத்திலிருந்து விழுந்தான். கீழே மணல் குவியல் இருந்ததால் உயிர் தங்கியது. முதுகெலும்பு இடுப்புக்கு மேலே நொறுங்கிப் போயிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், உள்ளே ஸ்க்ரூ போட்டார்கள், மாசக்கணக்கில் படுக்கவைத்தார்கள். கடைசியில் எழுந்து நடந்தே விட்டான். இடது பாதம் மட்டும் தட்டுத் தட்டென்று விழும். "கெட்டி உசுருப்பா" என்றது வட்டாரம்.

எழுந்தது கால் மட்டும்தான். மூத்திரப்பை எழுந்திருக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து டியூபும் பையும் மாட்டித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கழற்றுகிற நாளில் தனக்கோடிக்கு லீவு கிடைக்கவில்லை. ஐடி ஆபீஸ் ஒன்றில் அவள் ஹவுஸ்கீப்பிங். அவன் தனியாகப் போனான். டாக்டர் இங்கிலீஷில் வேகமாகச் சொன்னதை உஷா என்ற நர்ஸ் தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"நரம்பு அடிபட்டிருக்குண்ணா. நிறைஞ்சிடுச்சின்னு மூளைக்குச் சேதி போகாது. தொறன்னு மூளை சொன்னாலும் கீழ கேக்காது. மாடி மேல டேங்க் நிறைஞ்சு வழியுதில்ல, அந்த மாதிரி அதுபாட்டுக்கு வழியும். அதனால நீங்களே டியூப் போட்டு எடுத்துடணும். காலைல, மத்தியானம், சாயங்காலம், படுக்கப் போறப்ப."

"நானேவா?"

"நீங்கதான். எடுத்ததும் டியூபையும் வெளிய போட்டுடலாம், முன்ன மாதிரி மாட்டிக்கினு திரிய வேணாம். பல்லு வெளக்குற மாதிரி பழகிடும்."

"தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டா?"

"அய்யோ, அத மட்டும் செய்யாதீங்க. உள்ள தேங்கிப் போனா கிட்னிக்கு ஏறும். கிட்னி போச்சுன்னா அப்புறம் மிஷின்லதான் ரத்தம் சுத்தம் பண்ணணும்."

சின்னப் பெண். மமதாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். அவளுக்கு முன்னால் பேண்டை இறக்கி, அவள் சொன்னபடி கையைக் கழுவி, ஜெல்லி தடவி, டியூபை உள்ளே விட்டான். வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை. தட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டு அவள் "சூப்பர்ண்ணா!" என்றாள். கக்கூஸ் போகக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னாள். அவளுடைய நல்ல மனசுதான் அது. அதுதான் அவனை அடித்துப் போட்டது.

வீட்டுக்கு வந்து, "டியூப எடுத்துட்டாங்க. எல்லாம் சரியாப் போச்சு" என்றான். அதுதான் முதல் பொய்.

அவர்கள் வட்டாரம் என்பது ஒரே நடைக்கு இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். கோடியில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். தாழ்ப்பாள் இல்லை, ஆணியில் கயிறு சுற்றவேண்டும். காலையில் வாளியோடு வரிசை நிற்கும். டியூபைச் சுத்தமாகப் பிடிக்க ஒரு கை வேண்டும், உடம்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும், கயிற்றைப் பிடிக்க மூன்றாவது கைக்கு அவன் எங்கே போவான்? அதிலும் நேரமாகும். இரண்டு நாள் சமாளித்தான். மூன்றாம் நாள் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். "உள்ள யாரு? பச்சைமுத்தண்ணனா? புள்ள பெத்துட்டு வர்றாரா?" வரிசை மொத்தமும் சிரித்தது. கை தவறி டியூப் குழியில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மீதி டியூபையெல்லாம் காலிப் பட்டி மூட்டைக்குள் சுருட்டிவைத்தான். பிறகு தொடவேயில்லை.

பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கப் போனான். பக்கத்து மெடிக்கலில் மமதாவோடு படித்த பெண் நிற்கிறாள் என்று பஸ் ஏறி வேறு ஏரியாவுக்குப் போனான். "யாருக்குண்ணா?" என்றான் கடைக்காரன். "எங்கப்பாவுக்கு" என்றான். அப்பா செத்துக் காலம் ஆகிறது. கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் நடக்கும்போது பாலித்தீன் பை மாதிரி சரசரத்தது. பெயிண்டர்கள் எல்லாரும் ஒரே அறையில் நின்று துணி மாற்றுவார்கள். அதையும் விட்டான்.

முன்காலமாக இருந்தால் தப்பித்திருப்பான். எனாமலும் டர்பண்டைனும் அடிக்கிற இடத்தில் மூத்திர வாடை எங்கே தெரியும்? இப்போது வருகிற பெயிண்டுக்கு வாடையே கிடையாது. அதற்காகவே வீட்டுக்காரர்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள். மணமே இல்லாத சுத்தமான வெள்ளை அறையில் அவன் ஒருத்தன்தான் நாறினான்.

பஸ்ஸில்தான் அவனுக்கு வழி கிடைத்தது. வேலை விட்டு வரும்போது சீட்டில் ஈரம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்னடத்தில் கத்தினான்: "ஏய் குடுகா! இளியோ கெளகே! பஸ்ஸெல்லா கப்பு ஹொடீதாயிதே!"

குடிகாரா, இறங்கு கீழே, பஸ்ஸெல்லாம் நாறுது. பச்சைமுத்து வாயைத் திறந்தான். இல்லை, நான் குடிக்கிறவன் இல்லை என்று சொல்லத்தான் திறந்தான். அதற்குள் சுற்றியிருந்தவர்களின் முகம் அவனுக்குத் தெரிந்தது. ஒருத்தருக்கும் ஆச்சரியமில்லை. திட்டினார்கள், சலித்துக்கொண்டார்கள், அடுத்த நிமிஷம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். குடிகாரன் நனைத்துக்கொள்வான், அவன் சுபாவம் அது. பச்சைமுத்து வாயை மூடிக்கொண்டு இறங்கினான். இறங்கும்போது கொஞ்சம் தள்ளாடியும் காட்டினான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த நாளே பாக்கெட் வாங்கினான்.

வீட்டிலும் அது வசதியாகவே இருந்தது. பெயிண்டர் துணியை வீட்டுத் துணியோடு போடமாட்டார்கள், கறை ஒட்டும். அவனே தனியாக அலசுவான். குடித்துவிட்டு வந்தவனோடு தனக்கோடி ஒரே பாயில் படுக்கமாட்டாள். நடையில் கோணி விரித்துப் படுத்தான். படுக்கை நனைவதும் வெளியே தெரியவில்லை. எல்லாம் அடங்கிவிட்டது. மானம் ஒன்றுதான் போனது. அதுவும் அவனுக்குத் தெரிந்த பழைய மானக்கேடுதான்.

அன்று சனிக்கிழமை. அவன் சந்திலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தனக்கோடி அடுப்பை அணைத்தாள். கருவாட்டுக் குழம்பு கொதி அடங்கியது. மமதா லேப்டாப்பை மூடினாள். பி.காம். முடித்து ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

"வந்துட்டாரும்மா உன் வீட்டுக்காரர். டாங்க் ஃபுல்லு" என்றாள் மமதா.

நர்ஸ் சொன்ன மாடி டேங்க்தான் அவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அவள் குடியைச் சொல்கிறாள் என்று புரிந்ததும் மூச்சு வந்தது.

"ஏன்யா," என்றாள் தனக்கோடி, "முதுகு ஒடைஞ்சு கெடந்தப்போ பீ மூத்திரம் வாரினனே, ஒரு நாளு மூஞ்சி சுளிச்சனா நானு?"

"இல்ல."

"பின்ன எதுக்குய்யா எனக்கு இத்த செஞ்ச? எழுந்து நடக்க வச்சது ஒயின்ஸ் கடைக்கு நடக்கவா?"

அவன் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

"கேக்குறாங்க இல்ல, பதில் சொல்லுப்பா," என்றாள் மமதா. "பக்கத்து வூட்டு சுனிதாக்கா என்னாண்ட கேக்குது, உங்கப்பா பேண்ட்லயே போயிட்டு வர்றாராமேன்னு. பஸ் ஸ்டாப்புல, எல்லார் எதிர்லயும். எனக்கு அங்கயே செத்துடலாமான்னு இருந்திச்சு."

"இனிமே குடிக்கலம்மா."

"அத்த இங்க சொல்ல வேணாம்," என்றாள் தனக்கோடி. "சங்கத்து கோவிந்தராஜன் ஐயாவாண்ட சொல்லிட்டேன். நாளைக்கு விகார்ல வந்து, எல்லார் முன்னாலயும் தப்புன்னு ஒத்துக்கினு, திரும்ப சீலம் எடு. எடுக்கலன்னா நானும் புள்ளையும் எங்கண்ணன் வூட்டுக்கு ஸ்ரீராம்புரம் போறோம். நீ இங்கயே கெடந்து உன் இஷ்டத்துக்கு நனைச்சிக்கோ."

"வர்றேன்" என்றான் உடனே.

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் அழுதாள். சோறு போட்டாள். கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவனுக்கு உறைத்தது. செய்யாத தப்பை ஒத்துக்கொள்வது பெரிய காரியமில்லை, வாய் வார்த்தைதான். ஆனால் நாளைக்கு எல்லார் எதிரிலும் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால், திங்கட்கிழமை நனைந்தால் என்ன சொல்வது? குடிகாரன் என்ற பேர் நாளையோடு பறிபோகிறது. அதை விட்டால் உடுத்திக்கொள்ள அவனிடம் வேறு எதுவுமில்லை.

இன்னொன்றும் இருந்தது. விகாருக்கு வெள்ளைதான் உடுத்தவேண்டும்.

அப்போதிலிருந்து அவன் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. உஷா சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும், மேலே ஊற்றாத குழாயில் கீழே எப்படிச் சொட்டும் என்பதுதான் அவன் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கூஸ் வரிசை நடைவாசல் வரை நின்றது. டியூப் கிடந்த பட்டி மூட்டையை ஒரு தரம் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். போய் முகம் கழுவினான்.

தனக்கோடி வெள்ளைச் சட்டையையும் வெள்ளைப் பேண்டையும் இஸ்திரி போட்டுத் தந்தாள். விடிந்ததிலிருந்து அவனைக் கண்ணிலிருந்து விடவில்லை. எங்கே போய் ஊற்றிக்கொள்வானோ என்று கடைக்குக்கூட அனுப்பவில்லை. டீ கொடுத்தாள். அவன் குடிக்கிற மாதிரி காட்டி, அவள் தலை திரும்பியதும் ஜலதாரையில் ஊற்றினான். மூன்று பேரும் சேர்ந்து நடந்தார்கள். வழியில் அவள் அவன் காலரைச் சரிசெய்து விட்டாள். அவன் சட்டையில் சலவை வாசம் மட்டும்தான் இருந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் அவன் பக்கத்தில் நடந்தாள்.

விகார் என்பது மளிகைக் கடைக்கு மேலே ஒரு நீள அறை. புதுசாக மார்பிள் போட்டிருந்தார்கள். பச்சைமுத்து கதவோரமாகக் கடைசியில் உட்காரப் பார்த்தான். கோவிந்தராஜன் விடவில்லை. ஃபேக்டரியில் யூனியன் பார்த்து ரிட்டையர் ஆனவர். மைக் இல்லாமலே மூலைக்கு மூலை கேட்கும்.

"ஜெய்பீம் பச்சைமுத்து. பின்னால எதுக்கு ஒளியுற? தப்பு பண்றது மனுசன், திருந்துறதும் மனுசன்தான். வா முன்னால."

முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பின்னால் பெண்கள் பக்கத்தில் தனக்கோடியும் மமதாவும். வந்தனை தொடங்கியது. எல்லாரோடும் சேர்ந்து சொன்னான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அடிவயிறு கல் மாதிரி இருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. கையை அடிவயிற்றில் வைத்தபோது கைக்குத்தான் தெரிந்தது.

நான்கு சீலங்கள் முடிந்ததும் கோவிந்தராஜன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அஞ்சாவத பச்சைமுத்து தனியா சொல்லட்டும். எழுந்து நில்லுப்பா. மொதல்ல என்னா தப்பு பண்ணேன்னு சபைக்குச் சொல்லு."

கையை ஊன்றி எழுந்து, பாயை விட்டு முன்னே வந்து நின்றான். குனிந்து நிமிர்ந்ததில் வயிறு மடங்கி அழுந்தியது. நின்ற பிறகு திறந்துகொண்டது. முதலில் சூடு மட்டும் தெரிந்தது, தொடையில். அதற்கு மேலே தெரிவதற்கு நரம்பு இல்லை. வெள்ளைத் துணியில் அது மஞ்சளாக இறங்கியது. பாதத்தைச் சுற்றி மார்பிளில் பரவி, முன்வரிசைப் பாயை நோக்கிப் போனது. உட்கார்ந்திருந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"அடப்பாவி!" என்றார் கோவிந்தராஜன். "இங்கயேவா? சீலம் எடுக்க வர்றப்பவும் ஊத்திக்கினா வந்த? நீயெல்லாம் மனுசனா?"

"வெளிய அனுப்புங்க ஐயா," "நாயி கூட இந்த எடத்துல போகாது," "பொண்டாட்டி எங்கய்யா, கூட்டிக்கினு போகச் சொல்லு." பல குரல்கள். பச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆமாங்க. குடிச்சிட்டேன். மன்னிச்சிருங்க. குடிச்சிட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து தனக்கோடி எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் வழி விட்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். அவள் ஈரத்தை மிதித்துக்கொண்டு அவன் எதிரில் நின்றாள்.

"எப்போ குடிச்ச?"

"காலைல."

"காலைல நான் உன் கூடவே இருந்தேன்."

"நீ பாக்காதப்போ."

"நான் பாக்காம நீ மூச்சு கூட விடல இன்னிக்கு. எங்க குடிச்ச?"

"குடிச்சேன்டி! விடேன்!"

"ஊது."

அவன் உதட்டை இறுக்கினான்.

"மூஞ்சி மேல ஊதுய்யா."

மூச்சைப் பிடித்தான். முகம் சிவந்தது. காதுக்குள் இரைந்தது. அவள் அசையாமல் மூக்கை அவன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு நின்றாள். முடியவில்லை. புஸ்ஸென்று விட்டான். வெறும் வயிற்றின் புளிப்பு மட்டும்தான் வந்தது.

"குடிக்கல இவரு" என்றாள் தனக்கோடி. சபைக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. "வாய் சுத்தமா கீது. இவரு குடிக்கவேயில்ல."

குடிகாரன் என்று நினைத்த வரைக்கும் எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண் நிறையக் கோபத்தோடு. இப்போது ஒருவரும் பார்க்கவில்லை. ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார். ஒருத்தி பிள்ளையின் தலையைத் தன் மடிக்குள் திருப்பினாள். கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கத் துடைக்கத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லாரும் கொஞ்சம் கீழ போங்கப்பா. டீ சொல்லியிருக்குது" என்றார். செருப்புகள் படியிறங்கின. கோவிந்தராஜனும் அவர்கள் பின்னாலேயே இறங்கினார்.

தனக்கோடியும் மமதாவும் போகவில்லை. மமதா வாளியும் துணியும் எடுத்துவந்தாள். பஸ் ஸ்டாப்பில் செத்துவிடலாமா என்று நினைத்தவள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"குடும்மா. நான் தொடைக்கிறேன்" என்றான்.

அவள் விடவில்லை. அவன் துணியைப் பிடுங்கிக்கொண்டான். நனைந்த வெள்ளைப் பேண்டோடு மண்டியிட்டான். பெயிண்ட் சிந்தினால் துடைக்கிற மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு, நேர்கோடு நேர்கோடாகத் துடைத்தான். தனக்கோடி எதிரில் உட்கார்ந்தாள். அவள் புடவை ஓரமும் நனைந்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"விழுந்ததுலேர்ந்து."

"அப்ப அந்தச் சட்டை நாத்தம்?"

"மேல ஊத்திக்குவேன்."

"வைத்தியம் இல்லியா?"

"டியூப் குடுத்தாங்க. நானே போட்டு எடுக்கணும். வுட்டுட்டேன். கிட்னிக்கு ஏறும்னு சொன்னாங்க."

மமதா நிமிர்ந்தாள். "கிட்னிக்கா? எத்தினி மாசமாப்பா? உனக்கு அறிவு கீதா?" வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள். தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

தனக்கோடி குரலைத் தாழ்த்தினாள். "அத்தினி நாளு உன் பீ மூத்திரம் வாரினவகிட்ட ஏன்யா சொல்லல?"

"அப்ப படுத்துக் கெடந்தேன். நோயாளி. இப்ப எழுந்து நடக்குறேன்."

"நடந்தா?"

"குடிச்சிட்டு வந்தா நீ திட்டுவ. அடிக்க வருவ. அது எனக்குத் தெரியும். இத்தச் சொன்னா என்னைய எப்பிடிப் பாப்பியோன்னு தெரியல."

"இப்ப எப்பிடிப் பாக்குறேன்? தலைய தூக்கிப் பாரு."

அவன் தூக்கவில்லை. துணியைப் பிழிந்து, எப்போதோ காய்ந்துவிட்ட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"பாருய்யா" என்றாள்.

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.